அசைந்த செம்பு வாளி

என் மகனுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அவன் என் வீட்டுக்குத் திரும்பி வந்த நாளில் முச்சக்கர வண்டியில் ஒரு சூட்கேசும் பழைய மைக்ரோவேவ் அடுப்பு இரண்டும் வந்தன. எங்கள் பகுதியில் கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு உரியது. போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியரான நாங்களும் அப்படித்தான். போனவன் பெட்டியோடு தாய் வீட்டுக்கு வந்து இறங்கினால் யாரும் காரணம் கேட்கத் தேவையில்லை. நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை முழுவதும் வாசல் படலையடியில் நின்று பார்த்தது. நான் ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்தபடியே உள்ளே நடந்தேன்.

அவன் டவுனில் ஃபிரிட்ஜும் டீவியும் திருத்துகிறவன். நல்ல கைக்காரன். ஆனால் ஒரு மூன்று வருடமாகத் திருத்த வந்த சாமான் எல்லாம் மூலையில் கிடந்தன. விண்வெளியில் போகிற வண்டிக்கு ஒரு புதுவிதமான எஞ்சின் செய்து பார்க்கிறேன் என்று இராப்பகலாக அதிலேயே இருந்தான். பெண்சாதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதை விடு, இல்லாவிட்டால் வெளியே போ என்றாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அது ஓடினால் திரும்பி வருவேன் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பிள்ளைக்குப் பதினான்கு வயது.

விண்ணுக்குப் போகிற வண்டிகள் நெருப்பைப் பின்னால் கக்கித்தான் முன்னால் போகுமாம். கக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் பிறகு ஓடாது. இவன் தேடியது எதையுமே கக்காமல் ஓடுகிற ஒன்று. ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கமாக ஒரு செம்பு வாளி. இரண்டு வாயும் மூடியிருக்கும். அதற்குள் மைக்ரோவேவ் அடுப்பின் அலையை விட்டால், அது உள்ளேயே மோதி மோதி வாளியை ஒடுங்கிய பக்கமாகத் தள்ளும் என்று வெளிநாட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரிய இடங்களில் சோதித்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். இவனைப் போல வீட்டில் வைத்துச் சோதிக்கிறவர்கள் மட்டும் இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு இன்னும் விடாமல் இருக்கிறார்கள்.

“தோணிக்குள்ள இருந்துகொண்டு முன் அணியத்தைப் பிடிச்சுத் தள்ளினா தோணி போகுமா மனே?” என்று கேட்டேன்.

“இது தோணி இல்லம்மா. இது அலை. நீங்க அலையைக் கண்டிருக்கீங்களா?”

“பழஞ்சோத்தைச் சூடாக்கினதைக் கண்டிருக்கன்.”

அவன் சிரித்தான். வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் வாளியை நான் செய்து தருகிறேன் என்றேன்.

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் தகட்டோடு தகடு சேர்த்து ஈயம் பற்றுவதில் இந்த வாவிக் கரையில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. என் புருசனுக்குத் தகர வேலை. கூரைப் பீலி, பாண் தட்டு, எண்ணெய்ப் புனல் எல்லாம் செய்வார். அவர் வெட்டுவார், நான் பற்றுவேன். அவர் போன பிறகு வெட்டுவதும் பற்றுவதும் நானே. எங்கள் பட்டறையில் ஒரு கட்டளை இருந்தது. ஈயம் பற்றிய எதுவும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்காமல் வெளியே போகாது. குமிழி வந்தால் ஓட்டை. திரும்பப் பற்ற வேண்டும்.

செம்புத் தகட்டை ஏறாவூரில் பழைய இரும்புக் கடையில் எடுத்து வந்தான். மூன்று நாள் அடித்து வளைத்தேன். உட்புறத்தைக் கண்ணாடி போல மினுக்கினான். கடைசியாக அகலப் பக்க மூடியைப் பற்றும்போது எனக்கு ஒரு கண் புகைந்திருந்தது. வெள்ளை விழுந்திருக்கிறது, வெட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் அதை அவனுக்குச் சொல்லவில்லை. ஓரிடத்தில் ஈயம் ஓடிச் சேராமல் உருண்டு நின்றதாகக் கைக்குத் தெரிந்தது. இன்னொரு முறை சூடான செம்புக்கோலை வைத்து இழுத்துவிட்டேன். தொட்டியில் அமுக்குவோம் என்றேன்.

“ஐயோ, தண்ணி படக்கூடாது. உள்ளுக்குக் கறுத்துப் போகும்.”

“சரி” என்றேன். என் பற்று ஒழுகும் என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டறைக் கூரை வளையில் கம்பி கட்டி ஒரு நீளப் பலகையைத் தொங்கவிட்டான். ஒரு முனையில் வாளி, மற்ற முனையில் சரிக்குச் சரி மண் பை. வாகனப் பற்றரியும் பலகையிலேயே இருந்தது. நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, அதில் சிவப்பு லைற் அடித்தால் எதிர்ச் சுவரில் ஒரு பொட்டு விழும். பலகை மயிரிழை திரும்பினாலும் பொட்டு நகரும். அலை வெளியே வராமல் இருக்கக் கோழிக்கூட்டு வலையால் எல்லாவற்றையும் சுற்றினான். கச்சான் காற்று வீசுகிற காலம். ஜன்னல், கதவு, ஓட்டு இடுக்கு எல்லாவற்றையும் சாக்கால் அடைத்தோம். உள்ளே அவிந்து போனோம்.

சுவிச்சைப் போட்டான். பொட்டு மெல்ல அசைந்து இரண்டு விரல் அகலம் நகர்ந்தது. பிறகு சோர்ந்து பழைய இடத்துக்கு வந்தது.

வாளியை ஆறவிட்டுத் திரும்பப் போட்டான். திரும்ப நகர்ந்தது. பிறகு வாளியை மற்றப் பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினான். “வெறும் சூட்டுக் காத்து எண்டா இப்பவும் அந்தப் பக்கமே போகும். மெய் எண்டா இந்தப் பக்கம் வரும்” என்றான். பொட்டு இந்தப் பக்கம் வந்தது. ஐம்பது வயது ஆம்பிளை என் மடியில் முகத்தை வைத்து அழுதான்.

ஆறு நாள் அந்த வீட்டில் வெளிச்சம் இருந்தது. அவன் முகம் மழித்தான். சோற்றுக்கு இன்னும் ஆணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் இன்டர்நெட்டில் எழுதியதைப் பார்த்து, கொழும்பிலிருந்து எஞ்சினியரிங் படிப்பிக்கிற இரண்டு பேர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவன் பெண்சாதிக்கும் போன் பண்ணினான். சனிக்கிழமை பிள்ளையோடு வாறன் என்றாளாம். அவன் சூட்கேசைத் திறந்து உடுப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினான்.

எனக்கு மட்டும் ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அலை தள்ளுவதாக இருந்தால் சுவிச் போட்டிருக்கும் நேரம் முழுக்கத் தள்ள வேண்டும். இது முதலில் தள்ளிவிட்டுச் சோர்ந்து போகிறது. மூடி இறுக்கிய கேத்தல் சூடேறும்போது மூக்கால் ஊதிவிட்டு அடங்குகிறதே, அது போல.

வியாழக்கிழமை பகல் அவன் டவுனுக்குப் போயிருந்தான். சவுக்கார நுரை அடித்து, அகலப் பக்கத்து ஓரமெல்லாம் விரலால் பூசினேன். உள்ளே காற்று சூடேறட்டும் என்று சுடுதண்ணீரில் பிழிந்த துணியை வாளியின் வயிற்றில் போர்த்தினேன். கை சந்தேகப்பட்ட அதே இடத்தில் ஒரு குமிழி எழும்பியது. கடலை அளவு. உடைந்தது. இன்னொன்று எழும்பியது. சூடேறிய காற்று என் ஓட்டையால் பின்பக்கமாகப் பீறிக்கொண்டு போயிருக்கிறது. அதுதான் வாளியைத் தள்ளியிருக்கிறது. வாளியைத் திருப்பினால் ஓட்டையும்தானே திரும்பும்.

அவன் வந்ததும் திரும்பத் துணியைப் போர்த்திக் குமிழியைக் காட்டினேன். குனிந்து விரலால் அதை உடைத்துப் பார்த்தான்.

“ஆருக்கும் தெரியாதுதானே” என்றான்.

“எனக்குத் தெரியும்.”

“அம்மா, ஞாயிறு அடைப்பம். சனிக்கிழமை மட்டும் அப்படியே இருக்கட்டும். அவள் ஒருக்காக் காணட்டும். நான் வீட்ட போனாப் போதும். மறுகா நானே எல்லாருக்கும் எழுதுறன்.”

“என்ட பற்றில ஓட்டையை வைச்சுக்கொண்டு, வந்த ஆக்களுக்கு முன்னால நான் நிக்கிறதா?”

“உங்களுக்கு உங்கட பற்றுத்தான் பெரிசு. நான் ஆர் உங்களுக்கு?”

அவன் வெளியே போய் வாவிக் கரையில் குந்தியிருந்தான். நான் ஜன்னலால் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நவச்சாரத்தைத் தேய்த்து, கோலைப் பழுக்கவைத்து, இருக்கிற ஒரு கண்ணால் அந்த ஓட்டையை அடைத்தேன். இரண்டு தரம் நுரை பூசிப் பார்த்தேன். குமிழி இல்லை. அப்போது ஒரு எண்ணம் வரத்தான் செய்தது. ஓட்டை இல்லாமலும் அது அசைந்துவிடாதா? ஆண்டவரே, ஒரு விரல் அகலம், அவள் பார்க்கும்போது மட்டும். இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கொழும்புக்காரர் இருவரும் மரியாதையான மனிசர். மருமகள் கதவோரம் நின்றாள், பிள்ளை சுவர்ப் பொட்டுக்குக் கிட்ட நின்றது. மகன் என்னைப் பார்க்காமல் சுவிச்சைப் போட்டான். பொட்டு நின்ற இடத்தில் நின்றது. ஆறவிட்டுத் திரும்பப் போட்டான். நாலு தரம் போட்டான். ஐந்தாம் தரம் பற்றரி இறங்கிவிட்டது.

“பரவாயில்லை” என்றார் வந்தவர்களில் மூத்தவர். வாளியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வடிவாப் பற்றினது ஆர்?” என்று கேட்டார். எழுபத்து நாலு வயதில் அப்படி ஒரு புகழ்ச்சி. நான் குசினிக்குள் போய்விட்டேன். தேநீர் ஊற்றி வருவதற்குள் மருமகளும் பிள்ளையும் ஓட்டோவில் ஏறிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் என்னோடு கதைக்கவில்லை. வைத்த சோற்றைத் தின்பான். சில நாள் அதுவும் இல்லை. பகலில் கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கத்தி, கயிறு எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தேன். எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் போக, என்னால் முடியவில்லை. மகனைக் கட்டிக்கொடுத்த தாய்மார் பெண் வீட்டு வாசலில் போய்க் கெஞ்சி நான் கண்டதில்லை. நல்ல சேலை உடுத்து பஸ் ஏறிப் பாலம் கடந்து போனேன். மருமகள் கதிரை போட்டாள். நான் இருக்கவில்லை.

“பிழை என்ட பிழைதான், பிள்ளை. என்ட பற்றில ஓட்டை. அது தெரிஞ்சிருந்தா அவன் உங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டான். அவனைக் கூப்பிடு.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பு வந்திருக்கும்.

“மாமி, அது அசைஞ்சிருந்தாலும் நான் கூட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டன். பிள்ளை கேட்டதுக்குத்தான் வந்தனான். எனக்கு அது விட்டுப்போச்சு. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

தண்ணீர் குடித்தேன். பஸ்ஸில் வரும்போது ஒன்றையும் பார்க்கவில்லை.

படலையில் மகன் நின்றான். நான் எங்கே போனேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தான்.

“அவ என்னம்மா சொன்னவ?”

அந்த முகத்தைப் பார்த்தேன்.

“வீடு பூட்டிக் கிடந்தது மனே.”

“அப்ப நாளைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்களன்.”

“ஓம்” என்றேன்.