மேளத்தோடு சேர்ந்த அழைப்பாணை

தகப்பனார் குளத்தில் மூழ்கி நின்ற வேளையில், கரையிலே தனித்து அழுத குழந்தையின் குரல் கேட்டு, பாலூட்டும்படி உமையம்மையைப் பணித்த எம்பெருமானின் திருவடிகளைச் சென்னிமேற் கொண்டு இவ்வஞ்சலியைத் தொடங்குகின்றேன். அழும் பிள்ளைக்கு அமுது சேர்ப்பித்தல் தெய்வத் தொழில். அத்தொழிலில் ஒரு பங்கை அரசாங்கச் சம்பளத்துக்குச் செய்தவர், சம்பளத்தை நினையாமலும் செய்தவர் ஒருவர் எங்களிடையே வாழ்ந்தார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பூசைக்கு நந்தியாவட்டைப் பூப் பறித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று எங்கள் ஒழுங்கையால் மெல்ல வந்தது. "உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, இளைப்பாறிய பிஸ்கால் உத்தியோகத்தர் வைரவநாதன் அவர்கள்..." பூக்கூடையோடு படலையடியில் நின்று முழுவதையும் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எங்கடை பிஸ்கால் அண்ணையோ?"

"ஓம் பிள்ளை."

"ஐயோ! இனி உந்த ஒளிச்சுத் திரிஞ்சவங்கள் எல்லாம் ரோட்டிலை வெளிச்சமாய்த் திரியப்போறாங்கள்."

கண்ணீரோடுதான் சொன்னார். ஆயினும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை நினைத்தால் அப்படித்தான்.

அவரை அறியாதோர்க்குச் சில சொற்கள். நீதிமன்றத்தின் அழைப்பாணையை உரியவர் கையில் நேரிற் சேர்ப்பிப்பவரே பிஸ்கால். வைரவநாதன் அவர்களிடம் பெரும்பாலும் வந்தவை தாபரிப்பு வழக்குகள். மனைவிக்கும் பிள்ளைக்கும் மாதந்தோறும் பணம் கட்டும்படி நீதவான் கட்டளையிட்டிருப்பார். சிலகாலம் கட்டிவிட்டு ஆள் மறைந்துவிடுவார். அழைப்பாணை கையிற் சேராவிட்டால் வழக்கு நகராது. 'ஆள் விலாசத்தில் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுதல் எளிது; அவ்வாறு எழுதுவதற்கு அவர் கை கூசும். பருத்தித்துறையில் ஒருவர் இவரைக் கண்டு படகேறிக் கடலுக்குள் போய்விட்டாராம். இவர் கரையிலேயே காத்திருந்து, திரும்பிய படகை மற்றவர்களோடு சேர்ந்து மணலில் இழுத்து ஏற்றிவிட்டு, "கை காய்ஞ்சிட்டுதோ? அப்ப இதைப் பிடியுங்கோ" என்று அழைப்பாணையை நீட்டினாராம்.

நான் அவரை அறிந்தது எங்கள் பிள்ளையார் கோயிலில். அங்கே ஆண்டுதோறும் புராணபடனம் நடைபெறும். ஒருவர் செய்யுளைப் பாட, அடியேன் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவேன். குளக்கரைக் குழந்தையின் கதைக்குப் பயன் சொல்லிய அன்று, பின்வரிசையில் ஒருவர் அடக்கமாட்டாமற் சிரித்தார். படிப்பு முடிந்ததும் அவரிடம் போனேன்.

"தம்பி, மனம் உருகவேண்டிய இடத்திலை சிரிக்கிறியள்."

"குறை நினையாதையுங்கோ ஐயா. அந்தத் தகப்பன் நல்ல மனிசன். குளிச்சு முடிய எழும்பி வந்திட்டார். என்ரை ஆக்கள் முங்கினால் முங்கினதுதான். கரையிலை நிண்டு கூப்பிட்டே எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு!"

அதன் பின் அப்பகுதி வரும்போதெல்லாம் அவர் இருக்கும் பக்கம் பாராமற் பயன் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மலர்விழி என்றொரு பெண். தையல் வேலை செய்பவர். கணவர் தவராசன் லொறி ஓட்டுபவர். இருவரும் பிரிந்தபின், நீதிமன்றக் கட்டளைப்படி கொஞ்சக்காலம் பணம் கட்டிய தவராசன் பின்னர் நிறுத்திவிட்டார். மகள் அபிராமிக்கு அப்போது கரும்பலகை மங்கலாகத் தெரிந்தது. கண் வைத்தியர் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார், வாங்க வழியில்லை. முன்வாங்கில் இருந்தும் அச்சிறுமி பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதினாள்.

வைரவநாதன் அவர்கள் அழைப்பாணையோடு அலைந்தார். ஒருவர் வவுனியா என்றார், மற்றவர் கொழும்பு என்றார். "தவராசன்ரை தாய்க்காரி என்னைக் கண்டவுடனை, மகன் உசிரோடை இருக்கிறானோ தெரியாதெண்டு அழுதவ ஐயா. அழுது அழுது தேத்தண்ணியும் போட்டுத் தந்தவ. சீனியும் தாராளம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவ்வாண்டுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு நாளின் செலவையும் ஏற்கும் உபயகாரர் பெயரையும் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். அன்று மாலையே அவருடைய சைக்கிள் கோயில் வாசலில் வந்து நின்றது.

"ஐயா, ஆறாந் திருவிழா தவராசன்ரை ஆக்களின்ரையோ?"

"ஓம். அவையின்ரை பரம்பரை உபயம்."

"காளாஞ்சி ஆர் வாங்கிறது?"

திருவிழா நிறைவில் உபயகாரருக்குக் குருக்கள் கொடுக்கும் மரியாதைத் தட்டே காளாஞ்சி. "மூத்த ஆண்பிள்ளை. நேரிலை நிண்டுதான் வாங்கவேணும்" என்றேன்.

அவர் முகம் தாமரையாய் மலர்ந்தது. "கோட்டுக்கு வராத ஆள் காளாஞ்சிக்கு வரும் ஐயா."

எனக்குப் பதற்றமாயிற்று. "தம்பி, சுவாமிக்கு முன்னாலை ஒண்டும் வேண்டாம்."

"கோயில் வீதிக்குள்ளை நான் அடியான். அங்காலை போனால்தான் பிஸ்கால். பயப்பிடாதையுங்கோ."

ஆறாந் திருவிழாவன்று பகல் பட்டு வேட்டியும் சங்கிலியுமாய்த் தவராசன் வந்தார். அளவெட்டியிலிருந்து இரண்டு கூட்டம் மேளம் பிடித்திருந்தார். சுவாமி வீதிவலம் வருகையில், சுவாமியைச் சுமக்கும் தண்டுக்குத் தோள் கொடுத்து வைரவநாதன் அவர்களும் வந்தார். மேற்கு வீதி திரும்பும்போது தவராசன் அவரைக் கண்டுவிட்டார். கூப்பிய கைகள் அப்படியே இருக்க, கண்கள் மட்டும் வாசலைத் தேடின. ஆயினும் காளாஞ்சியை விட்டுப் போக மனம் வரவில்லை.

உபயகாரரை மேளதாளத்தோடு வீடுவரை கூட்டிச்சென்று விடுதல் எங்கள் கோயில் வழக்கம். காளாஞ்சி கைக்கு வந்ததும் தவராசன் நாதசுரக்காரரின் காதில், "மேளம் வேண்டாம், நான் போயிடுவன்" என்றார்.

"அதென்ன கதை அண்ணை! படலை மட்டும் வாசிச்சு விடாட்டி எங்களுக்கு மரியாதையில்லை."

தவராசன் தட்டோடு விரைந்தார், மேளமும் விரைந்தது. வெங்காயத் தோட்டத்து ஒழுங்கையிற் சட்டெனத் திரும்பினார். நாதசுரமும் தவிலும் திரும்பின. எல்லோருக்கும் பின்னால், சால்வையை இடுப்பில் இறுக்கியபடி, வைரவநாதன் அவர்கள் ஆறுதலாய் நடந்தார். மதகடியில் தவராசனுக்கு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டார்.

"தவராசன், பிள்ளையின்ரை உபயம் நிலுவையிலை நிக்குது. இந்தாரும்."

இரு கைகளாலும் பணிவோடு அழைப்பாணை கொடுபடுவதைக் கண்ட தவில்காரர், அதுவும் ஒரு மரியாதை என்றெண்ணிக் கெட்டிமேளம் முழக்கிவிட்டார்.

வழக்கு நாளில் தவராசன் தமக்கு வருமானம் இல்லை என்றாராம். "இரண்டு கூட்டம் மேளத்துக்கு மட்டும் இருந்ததோ?" என்று, பிஸ்காலின் அறிக்கையை வாசித்திருந்த நீதவான் வினவ, மண்டபமே சிரித்ததாம். நிலுவையைக் கட்டவும் மாதந்தோறும் தவறாது செலுத்தவும் ஒப்புக்கொண்டார். அம்மாதமே அபிராமிக்குக் கண்ணாடி வந்தது. கோயில் முன்றலில் நின்று அண்ணாந்து பார்த்த அப்பிள்ளை, "அம்மா, கோபுரத்திலை இவ்வளவு பொம்மையளோ!" என்று கூவியது இன்றும் என் செவியில் இருக்கின்றது.

தவராசனுக்குக் கோபம் ஆறவில்லை. தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டார்: "ஊர் பார்க்க மேளத்தோடை வந்து என்னை அவமானப்படுத்திப்போட்டியள் என்ன?"

"நான் தனியத்தான் வந்தனான். மேளம் நீரெல்லோ பிடிச்சனீர்!"

கடை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் வைரவநாதன் அவர்கள் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "கோயில் உபயம் வருசத்திலை ஒருக்கால். பிள்ளையின்ரை உபயம் மாசம் மாசம். அதுக்கும் காளாஞ்சி இருக்குத் தம்பி. கொஞ்சம் பிந்தி வரும்."

தவராசன் சில மாதங்கள் பிந்தினார், முணுமுணுத்தார், ஆனால் நிறுத்தவில்லை.

இறுதிக் கிரியை அன்று வாசனைப் பொடி இடிக்கும் சுண்ணச் சடங்கிற் பதிகம் பாடியவள் அபிராமி. இப்போது உயர்தர வகுப்பில் படிக்கின்றாள். மூக்கில் வழுக்கிய கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றி ஏற்றி, ஓரெழுத்தும் பிசகாமற் பாடினாள். தவராசன் உள்ளே வரத் தயங்கிப் படலைக்கு வெளியே நின்றார். பாடி முடித்தவள் நேரே அவரிடம் போனாள்.

"அப்பா, ஏன் வெயிலுக்கை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ."

அவர் மகளின் பின்னாலே வந்தார். பின்னர் பாடைக்குத் தோள் கொடுத்தோருள் அவரும் ஒருவரானார். ஊர்வலம் ஒழுங்கை திரும்பும்போது தோள் மாற்றிக்கொடுத்துவிட்டு என்னருகே வந்தவர், ஈரக் கண்ணோடு சிரித்தார்.

"ஐயா, இண்டைக்கு அண்ணைக்கும் மேளம். பாருங்கோ, மனிசன் ஓடேல்லை."

போய்வாருங்கள், வைரவநாதன் அவர்களே. உரியவர் கையிற் சேர்ப்பித்தே திரும்பும் வழக்கம் உமது. இம்முறை உம்மைச் சேர்ப்பித்துவிட்டு நாங்கள் திரும்பினோம்.

இதனை வாசிக்கும் அன்பர்களின் மனைகளில் உலை குளிராதிருப்பதாக; விளக்கு மங்காதிருப்பதாக. எந்தப் பிள்ளையும் அழுமுன்னே தகப்பன் கரையேறி வருவானாக.