உச்சிவெயிலில் கடந்த பனி

மலேசியாவின் அசாம் ஜாவாவில் தாயம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. தோட்டத்து எண்ணெய் ஆலைக் கேண்டீனில் சமையல் வேலை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்றால் ஒத்துக்கொள்வார். நடக்காததை நடந்ததாகச் சொன்னால்தான் பொறுக்கமாட்டார்.

1986 மே மாதம் அவரும் கணவர் சன்னாசியும் கேதார்நாத் யாத்திரை போனார்கள். அழைத்துப் போனவர் முருகையா, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சன்னாசியின் சிநேகிதர், லோரி ஓட்டும் செல்லனும், ஊர்க்காரர்கள் இன்னும் சிலரும் கூட வந்தார்கள்.

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியபோதே உச்சிவெயில் ஆகிவிட்டது. காலையில் முருகையா பூஜை, படம் பிடிப்பது என்று கிளம்பவே நேரமாக்கியிருந்தார். டீக்கடைக்கு அப்பால் ஒரு பள்ளம் நிறையப் பனி கிடந்தது. பாதை அதன் குறுக்கே போனது. கடைக்காரர் பட்டாளத்தில் இருந்தபோது சென்னையில் கொஞ்சம் தமிழ் கற்றவர்.

"இப்ப போகாதீங்க. வெயில்ல மேல பனி இளகிடும், சரிஞ்சு வரும். இங்க தங்கி, விடியக்காலை கெட்டியா இருக்கும்போது போங்க. ஒவ்வொரு ஆளா கடக்கணும். நடுவில நிக்கவே கூடாது."

குதிரைக்காரர்களும் குதிரைகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்குத் திரும்ப பஸ் சொல்லி வச்சிருக்கேன்," என்றார் முருகையா. "சாமிய நம்பி வந்தவங்களுக்கு என்ன பயம்? வாங்க லா."

"அந்தாளு இங்கயே பொறந்தவரு, கிராணி ஐயா. அவரு சொல்றதக் கேக்காம சாமி மேல பழியப் போடறீங்களே," என்றார் தாயம்மா. சன்னாசியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "செல்லா, நீயும் உக்காரு."

செல்லன் தயங்கினார். "எல்லாரும் போறாங்களே அண்ணி. பின்னாலயே போயிடறேன்."

கும்பலாகத்தான் போனார்கள். பனிக்கு நடுவில் முருகையா நின்று, எல்லாரையும் சேர்த்து நிறுத்தி, கேமராவை எடுத்தார். கடைக்காரர் கத்தினார். பிறகு மேலே மரம் முறிவதுபோல ஒரு சத்தம். ஈரப்பனி திரண்டு இறங்கியது. முன்னால் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். கடைசியில் நின்ற செல்லனை அது அடித்துக்கொண்டு போனது.

குதிரைக்காரர்கள்தான் மண்வெட்டியோடு ஓடினார்கள். பனி சிமெண்டுபோல இறுகியிருந்தது. கையுறை இல்லாத கையோடு தாயம்மாவும் தோண்டினார். செல்லனை உயிரோடு எடுத்தார்கள். நசுங்கிய வலது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, கோயில் மண்டபத்தில் யாத்திரை போனவர்களுக்கு வரவேற்பு நடந்தது. முருகையாவுக்கு மாலை போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"செல்லன் மட்டும் அவசரப்பட்டு, சொல்லச் சொல்லக் கேக்காம முன்னால போயிட்டாரு. சாமி புண்ணியம், உயிர் மிஞ்சிச்சு."

கேட்டுக்கொண்டிருந்த தாயம்மா எழுந்து நின்றார்.

"முன்னால போனது நீங்க. அவன் கடைசியில நின்னான். நடுப்பனியில நிக்க வச்சுப் படம் பிடிச்சது யாரு?"

"நடந்தது நடந்துபோச்சு தாயம்மா. கோயில்ல வச்சு இதையெல்லாம் பேசணுமா?"

"கோயில்ல வச்சுப் பொய் சொல்லலாமா?"

கோயில் தலைவர் நடராஜா உட்காரச் சொல்லிக் கை காட்டினார். தாயம்மா உட்காரவில்லை. கடைக்காரர் சொன்னது, கட்டிக் கிடந்த குதிரைகள், முருகையா பஸ்ஸுக்காக அவசரப்பட்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். கூடப் போனவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சன்னாசி மட்டும் எழுந்து, "அவ சொல்றது நெசம்," என்றார்.

பின்வரிசையில் இருந்த செல்லனின் மனைவி நல்லம்மாள் மெதுவாக எழுந்தார். முருகையா வீட்டுக்கு வந்து சொன்னதை நம்பி, இத்தனை நாளும் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். செல்லனும், "நானும்தானே போனேன்," என்று நடந்ததை அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டார். நல்லம்மாள், செல்லன் இருந்த தோட்டத்து லயத்து வீட்டை நோக்கி நடந்தார்.

முருகையா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறு வருடமும் ஆள் சேர்த்தார், ஆளும் சேர்ந்தது. அதுதான் தாயம்மாவுக்கு ஆறவே இல்லை. விமான நிலையத்துக்கு பஸ் புறப்படும் காலையில் ஆலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், ஜன்னல் ஜன்னலாக நின்று சொன்னார்.

"வெயில் ஏறினப்புறம் பனியில கால வைக்காதீங்க. ஒவ்வொருத்தரா போங்க. இந்தாளு நடுவில நிக்கச் சொன்னா நிக்காதீங்க."

முன் சீட்டில் இருந்த முருகையா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தாயம்மா அடுத்த ஜன்னலுக்குப் போனார்.