மோகனராஜ் அண்ணனின் சாப்பாட்டு அழைப்பு

மலேசியாவில், பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி. நாலாவது மாடியில் நான், என் தலைக்கு நேர்மேலே மோகனராஜ் அண்ணன். நான் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்து, தூக்கம் நன்றாகப் பிடித்திருக்கும் மத்தியான நேரம் பார்த்து மேலே பியூகிள் அலறும். பட்டாளத்தில் ஊதுகிற பித்தளைக் குழல். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, வாயில் பல் செட்டு. "பாம்" என்று தொடங்கும் சத்தம், பாதியில் செட்டு நழுவி "புஸ்" என்று போகும். சரி, விட்ட இடத்திலிருந்தாவது ஊதுவாரா? பல்லை மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஊதுவார். கொலைவெறி வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

மலேசிய ராணுவத்தில் அவர் பியூகிள் ஊதியவர். லிஃப்டில் மாட்டினால் போதும், கதை சொல்லியே தீருவார். மற்ற வீரர்களின் கதையில் எதிரி வருவான். இவர் கதையில் எதிரிகள் எல்லாம் சொந்த ஆட்கள்தான். விடியுமுன்னே ஊதி எழுப்புகிறவனை யாருக்குப் பிடிக்கும்? பூட்ஸை எறிந்திருக்கிறார்கள். ஒருநாள், வாய் வைக்கிற இடத்தில் ராமதாஸ் என்ற நண்பன் மிளகாய்ச் சம்பாலைத் தடவி வைத்துவிட்டான். அன்று கொடி ஏறும்போது அண்ணன் கண்ணீர் வழிய ஊதினார். அவருடைய நாட்டுப்பற்றைப் பார்த்து அதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு பியூகிளை அவர் எங்கேயும் விட்டுவிட்டுப் போனதில்லை. காட்டுக்கு ரோந்து போனாலும் மூட்டைக்குள் ஒளித்து எடுத்துப்போவார்.

போன வாரம் என் பொறுமை தீர்ந்தது. கட்டிய கைலியோடு மேலே போனேன். அவர் மனைவி குமுதா அக்கா கதவைத் திறந்தார்.

"அண்ணே, இனிமே ஊதாதீங்க. இல்லன்னா மேனேஜ்மென்ட்ல கம்ப்ளேன் பண்ணி நிறுத்திருவேன் லா."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "கம்ப்ளேன் வேணாம் தம்பி. உட்காரு. நான் என்ன ஊதுறேன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா மட்டும் தூக்கம் வருமா?"

"சாப்பாட்டு அழைப்பு," என்றார்.

அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும். தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டதில் இவர்களுடைய கூட்டம் சிதறிவிட்டது. மழையில் ரேடியோவும் செத்துப்போனது. சுடுவது ஓய்ந்ததும் தலைவர் சார்ஜன் சீனி முகம்மது இவர் மூட்டையைப் பார்த்தார். "இந்தக் கருமத்த ஏன் தூக்கிட்டு வந்தேன்னு அப்புறம் கேக்குறேன். எல்லாரையும் ஒண்ணுகூடச் சொல்லி ஊது."

நடுக்கத்தில் அந்த மெட்டு அண்ணனுக்கு மறந்துவிட்டது. உதடு தன்பாட்டில் சாப்பாட்டு அழைப்பை ஊதியது. சார்ஜன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் புதர்களுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடிபட்டவர்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒருவன் கையில் தட்டுகூட இருந்தது.

"வேற எத ஊதியிருந்தாலும் எதிரி செய்யுற வேலைன்னு பயந்திருப்பானுங்க. இந்த நேரத்துல சோத்துக்குக் கூப்புடுற மடையன் மோகன் ஒருத்தன்தான்னு நம்பி வந்துட்டானுங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். "இதுக்கு மெடல் குடுக்கலயா அண்ணே?"

"மேல சொல்லவே சார்ஜனுக்கு வெக்கம் லா."

"எப்படியோ எல்லாரும் வந்துட்டாங்க."

அண்ணன் பியூகிளைச் சட்டை நுனியால் துடைத்தார். "ராமதாஸ் வரல. சாப்பாடுன்னா மொதல் ஆளா நிக்கிறவன். இருட்டுற வரைக்கும் ஊதினேன். மறுநாள் போய்த் தேடினோம். உடம்புகூடக் கெடைக்கல தம்பி. அவனக் கூப்பிடாம சோறு எறங்க மாட்டேங்குது. ஒனக்குத் தொந்தரவுன்னா விட்டுர்றேன்."

எழுந்து கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மேலே சத்தமே இல்லை. கட்டிலில் கிடந்து புரண்டேன், தூக்கம் வந்தால்தானே. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் பொக்கை வாயோடு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் செட்டு ஒரு கிளாஸ் தண்ணீரில் கிடந்தது.

கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பல்ல மாட்டுங்க அண்ணே. ராமதாஸ் அண்ணனுக்குப் பசிக்கும் லா."