அடிக்கு அரை அங்குலம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹெலிகொப்டரில் ஏறிய ஒரே பிள்ளை நான்தான். அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. முரசுமோட்டையில் அந்தக் காலத்தில் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வந்த பிள்ளைக்கே ஒரு கிழமைக்கு மதிப்பு இருந்தது. ஆகாயத்தில் போய்வந்தவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்பில் முன்வாங்கின் ஓர இடம் எனக்கென்றே ஆகிவிட்டது. இடைவேளையில் ஆளுக்குப் பாதிக் கொய்யாக்காய் கைக்கு வந்த பிறகுதான் நான் கதையைத் தொடங்குவேன்.

கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் ஹெலிகொப்டருக்குள் ஒரு சீற் மட்டும் இருந்தது. பிறகு அதற்கு மெத்தை வந்தது. பிறகு சீருடைக்காரர் ஒருவர் எனக்கு டொபி தந்தார். மாசி முடிவதற்குள் நான் மேலேயிருந்து இரண்டு பக்கத்துக் கடலையும் பார்த்து முடித்திருந்தேன். நல்ல கொய்யாக்காய் கிடைத்த நாட்களில் கப்பல்களும் தெரிந்தன.

நடந்தது வேறு. அந்த மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து, வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் போனபோது, நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பெரிய வாய்க்காலின் மண்கட்டின்மேல் ஏறி, மழைக்குப் படங்கு கட்டி இருந்தோம். ஐயாவும் சித்தப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாகக் காணி எடுத்து வந்தவர்கள், அடுத்தடுத்த வளவு. ஐயா வயலோடு நின்றுவிட்டார். நாலெழுத்து இங்கிலீசு படித்த சித்தப்பா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். வெள்ளத்தின்போது அவர் குளத்தின் துருசடியில், தண்ணீர் திறந்துவிடும் மதகுப் பக்கம், மண்மூட்டை அடுக்கும் ஆட்களோடு நின்றார். கட்டுப் பக்கம் வர வழியில்லை.

எனக்கும் சித்தப்பாவின் மகனுக்கும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் ஒரே நாளில் தொடங்கின. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஒரே படங்கின் கீழ், ஒரே பாயில் கிடந்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் படைக்குச் சொந்தமான ஹெலிகொப்டர் ஒன்று வந்தது. இறங்க இடமில்லாததால் அது அந்தரத்தில் நின்றபடி கயிறு விட, ஒரு சீருடைக்காரர் இறங்கி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஐயாவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிராது. சீருடைக்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஐயா என்னைத் தூக்கிக் கொடுத்தார்.

எனக்குத்தான் காய்ச்சல் கூட என்று பிறகு எங்கள் வீட்டில் சொன்னார்கள். அன்றைக்கே அப்படிச் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. சின்னம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த முறைக்காக அதே இடத்தில் நின்றாராம். மழை இறுகிவிட்டது. ஹெலிகொப்டர் அன்று திரும்பவில்லை. விடியும்போது தம்பி இல்லை. சுற்றிலும் வேறு மேட்டு நிலம் கிடையாது என்பதால் வாய்க்கால் கட்டிலேயே புதைத்தார்கள். சித்தப்பா தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்தபோது மண் மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. நான் வவுனியா ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றார் தலைமையாசிரியர். ஒவ்வொரு வகுப்பும் வெள்ளத்தைப் பற்றி ஏதாவது செய்து வைக்க வேண்டும். நான்காம் வகுப்பின் பங்கு ஹெலிகொப்டர். அதைக் கொண்டுவர வேண்டியது யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது ஐயா, “உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?” என்றார். நான் அழத் தொடங்கினேன். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சித்தப்பா, “நான் செய்து தாறன்” என்றார். அந்த எட்டு மாதங்களில் அவர் எங்களோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசனுக்கு மனம் ஆறத் தொடங்கிவிட்டது என்று நினைத்து, அன்றிலிருந்து பின்னேரங்களில் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் என்னிடம் கொடுத்தனுப்பினார். ஐயா மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

சித்தப்பாவிடம் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் இருந்தது. தரையில் நிற்கும் ஹெலிகொப்டர், பக்கத்தில் ஒரு சீருடைக்காரர். சித்தப்பா அந்த ஆளை ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டார். அவரை அடிமட்டத்தால் அளந்து, அதைக் கொண்டு வால் எத்தனை அடி, மேலே சுழலும் இறக்கை எத்தனை அடி, கதவு எத்தனை அடி என்று கணக்குப் பார்த்து, வாய்க்கால் படம் கீறும் பெரிய தாளில் ஒவ்வொன்றாகக் குறித்தார். ஓர் அடிக்கு அரை அங்குலம். துறையில் அவரோடு வேலை செய்தவர்கள் அவர் போட்ட மட்டத்தில் தண்ணீர் ஒரு நூல் பிசகாது என்பார்கள். இதையும் அவர் அப்படித்தான் செய்தார்.

உடம்பு முள்முருக்கு மரத்தில் ஆனது. மெத்தென்று வெட்டுப்படும், பாரமும் இருக்காது. அதை உள்ளே குடைந்தெடுத்தார். இறக்கை மண்ணெண்ணெய்த் தகரம். ஜன்னலுக்கு பிஸ்கற் பெட்டியில் வந்த கண்ணாடித் தாள். வெள்ளத்துக்கு ஒரு பெரிய கண்ணாடித் துண்டை எடுத்து அடிப்பக்கம் செம்மண்ணும் பிசினும் கரைத்துப் பூசினார். மேலிருந்து பார்த்தால் எங்கள் வயலை மூடிக் கிடந்த அதே தண்ணீர். மரங்களின் தலைமட்டும் வெளியே தெரிய வேப்பங்குச்சிகள். வாய்க்கால் கட்டுக்கு வேண்டிய மண்ணை வாய்க்கால் கட்டிலிருந்தே ஒரு சிரட்டையில் அள்ளி வந்தார். கட்டின்மேல் இரண்டு உருவங்களை நிறுத்தினார். ஒன்று கை இரண்டையும் மேலே தூக்கிய ஆண். மற்றது இடுப்பில் பிள்ளையோடு அண்ணாந்து பார்க்கும் பெண்.

பறப்பதுபோல நிறுத்துவதுதான் சங்கடமாக இருந்தது. மேலேயிருந்து நூலில் கட்டினால் காற்றுக்குச் சுழன்றது. சித்தப்பா ஒரு சைக்கிள் சில்லின் கம்பியை எடுத்து, கீழ்முனையை அந்த மண்கட்டில் ஆழமாக நட்டு, மேல்முனையை ஹெலிகொப்டரின் கதவோரம் இறுக்கினார். மறுபக்கம் ஈயத்துண்டு வைத்து நிறையைச் சரிப்படுத்தினார். அந்தக் கம்பிதான் கயிறு. அதில் சீருடைக்காரரும் அவர் கையில் நானும் தொங்கினோம். பார்ப்பவர்களுக்கு ஹெலிகொப்டர் எங்களைத் தூக்குவதாகத் தெரியும். உண்மையில் நாங்கள் தொங்கிய கம்பிதான் அதைத் தாங்கியது. எனக்கு அது பெரிய பெருமை.

வெளிப்பக்கத்துக்குப் பத்திரிகைப் படம் இருந்தது. உள்பக்கத்துக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

“உள்ளுக்கு எத்தினை பேர் இருந்தவை, பிள்ளை?” என்று சித்தப்பா ஒரு நாள் கேட்டார். உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முன்னுக்கு ஓட்டிறவர். பின்னுக்குக் கயித்திலை வந்தவர். வேறை ஒருத்தரும் இல்லை.”

“நீ எங்கை இருந்தனி?”

எனக்கு உண்மையில் தெரிந்தது மிகக் கொஞ்சம். சாக்கொன்றில் சுற்றப்பட்டு, கண் திறக்க முடியாமல் கிடந்தேன். பெற்றோல் மணம் அடித்தது. ஒருமுறை கண் விழித்தபோது என் மூக்குக்கு நேரே சேறு பிடித்த ஒரு சப்பாத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய வெறுங்கால். அவ்வளவுதான். மூக்குக்கு நேரே சப்பாத்து என்றால் நான் நிலத்தில் கிடந்திருக்கிறேன். நோயாளிப் பிள்ளையை நிலத்தில் போடுகிறார்கள் என்றால் சீற்றில் இடமில்லை. வெறுங்கால்காரர் வேறெங்கோ வெள்ளத்திலிருந்து எங்களுக்கு முன்பே ஏற்றப்பட்டவர். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது கலியாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு. ஒன்பது வயதில் எனக்குப் பட்டதெல்லாம் நிலத்தில் கிடந்தேன் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதுதான்.

“சீற்றிலை,” என்றேன். “நீளமான சீற். மெத்தை போட்டது. நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனனான்.”

உளி நின்றது. சித்தப்பா மரத்தூளை ஊதினார். ஊத அங்கே பெரிதாகத் தூள் இருக்கவில்லை.

“அதிலை இன்னொரு பிள்ளை இருக்க இடம் இருந்ததோ?”

“ஓம் சித்தப்பா. ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்.”

அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த நாள் அதே கேள்விகளை இடம் மாற்றிக் கேட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார், இந்த முறை ஒரு பலகையை நிலத்தில் போட்டு, “இவ்வளவு நீளமோ? இன்னும் நீளமோ?” என்று. நான் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐம்பது தடவை சொல்லிப் பழகிய கதை, பிசகுவேனா? இன்னும் கொஞ்சம் நீளம் என்றேன். சின்னம்மா குசினி வாசலில் அரிசிச் சுளகோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது, ஏனென்று தெரியாது.

கண்காட்சி நாளில் எங்கள் ஹெலிகொப்டரைச் சுற்றிக் கூட்டம் கலையவேயில்லை. பெரிய இடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்து, இறக்கையை விரலால் தட்டி, “அருமை, அருமை” என்றார். முதற்பரிசு எங்களுக்குத்தான். நான் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கம்பியில் தொங்கும் என்னைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் ஐயா வந்தார், தோய்த்த வேட்டியும் சால்வையுமாக. சித்தப்பா சுவரோடு சாய்ந்து காலையிலிருந்தே அங்கேதான் நின்றார். ஐயாவைக் கண்டதும் முன்னுக்கு வந்தார்.

“அண்ணை, உள்ளுக்குப் பாருங்கோ,” என்றார்.

ஹெலிகொப்டரின் கதவைச் சித்தப்பா திறந்தபடியேதான் செய்திருந்தார். ஐயா முழங்காலில் கையூன்றிக் குனிந்தார். உள்ளே நீளமான சீற் ஒன்று, சிவப்புத் துணியில் மெத்தை தைத்துப் போட்டது. அதில் யாரும் இல்லை.

ஐயா நிமிர வெகு நேரமாயிற்று. “அந்த மனுசன் ஒரு விரலைத்தானே காட்டினவன்,” என்றார்.

“அளவு பிழையில்லை, அண்ணை. அடிக்கு அரை அங்குலம். உள்ளுக்கு இருந்ததைப் பிள்ளை சொன்னவள். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனவளாம்.” சித்தப்பா சத்தம் போடவில்லை. மட்டம் பார்த்துச் சொல்கிற அதே குரல். “இப்ப அவளையே கேளுங்கோ.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்து, “நான் ஒண்டையும் பார்க்கேல்லை” என்று சொன்னால் போதும். ஆனால் மேசையைச் சுற்றி என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். எட்டு மாதமாக எனக்குக் கொய்யாக்காய் தந்தவர்கள். நான் தலையாட்டினேன். போதாது என்று நினைத்து, “ஓம் ஐயா, நிறைய இடம் இருந்தது” என்றும் சொன்னேன்.

சித்தப்பா வெளியே போய்விட்டார். இரண்டு மாதத்தில் துணுக்காய்ப் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு, காணியை யாருக்கோ குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சின்னம்மாவோடு ஊரை விட்டே போனார். பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஐயாவின் செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை. அடுத்த வருடம் அவரும் போனார். சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல எனக்கு முழுதாக இருபது வருடங்கள் இருந்தன. பேச்சு வேறு பக்கம் போன ஒவ்வொரு முறையும் நான் சந்தோஷப்பட்டேன். அதற்கு இன்றுவரை எனக்கு என்னிடமே மன்னிப்பு இல்லை.

அன்று பின்னேரம் ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். பரிசாகக் கிடைத்த பேனா என் கையில் இருந்தது. வாய்க்கால் பாலத்தில் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார். நான் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பிள்ளை, அந்தச் சீற்றிலை மற்ற இடத்திலை ஒருத்தரும் இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லு.”

“இல்லை, ஐயா.”

“ஒருத்தரும்?”

“ஒருத்தரும் இல்லை.”

ஐயா “சரி” என்றார். பிறகு மிதிக்கத் தொடங்கினார், முன்னைவிட மெதுவாக. என் பொய்யை ஐயா கண்டுபிடித்துவிட்டார், சின்னப் பிள்ளை என்று பார்த்து விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. ஐயா நான் சொன்னதை நம்பிவிட்டார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.