ஆர்லா நீதிபதியைப் பார்த்த கதை

என் தம்பி லமாருக்கு இருபது வருஷத்துக்கு மேலாக விழாத சீட்டு, அவன் பெண்டாட்டி ஆர்லாவுக்கு முதல் தடவையே விழுந்துவிட்டது. எங்கள் ஐடஹோ மாநிலத்து மலைகளில் மலையாடு சுட வேண்டுமென்றால் குலுக்கலில் பேர் வர வேண்டும். சுட்டுவிட்டால் ஆயுசுக்கும் அதோடு சரி, மறுபடி கேட்க முடியாது. லமார் வருஷா வருஷம் பேர் கொடுப்பான், வருஷா வருஷம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். இவள் அவனுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று விளையாட்டாகப் பேர் கொடுத்தாள். வந்து விழுந்தது பாருங்கள், அவள் மடியில்.

"நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றான் லமார். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன்கூட அதைவிட மலர்ச்சியாகச் சொல்லியிருப்பான். ஆனால் மறுநாள் காலையில் ஆள் மாறிவிட்டான். சீட்டு அவளுடையது, வேட்டை தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டான். "நீ நீதிபதியச் சுடப் போற" என்று அறிவித்தான்.

நீதிபதி யார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஷெல்பி மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறைத் தட்டில், தூய வெள்ளை நிறத்தில், கம்பீரமாகப் படுத்திருக்கும் கிழட்டுக் கிடா. லமார்தான் முதலில் கண்டுபிடித்தான், லமார்தான் பேர் வைத்தான். ஒவ்வொரு இலையுதிர் காலமும் எல்க் மான் தேடி எதிர்மலைக்குப் போகும்போது பைனாகுலரில் பார்த்துவிட்டு வந்து, கஸ்ஸின் சாப்பாட்டுக் கடையில் பழ அப்பம் தின்றுகொண்டே கதை சொல்வான். நீதிபதி அவசரப்பட மாட்டார், இடி இடித்தாலும் அசைய மாட்டார், சும்மா உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஆர்லாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாமா, நானும் பாத்தேன்" என்பாள்.

ஆர்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பிறந்தது உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, தரை தட்டையாகக் கிடக்கும் பக்கம். அங்கே மலை என்றால் அடுக்கி வைத்த உருளைக்கிழங்கு மூட்டைதான். லமாரைக் கட்டிக்கொண்டு இந்த மேட்டு நாட்டுக்கு வந்தாள். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். பஸ் கண்ணாடியில் பார்த்தே கடைசி வரிசையில் எவன் சூயிங்கத்தை எவள் தலைமுடியில் ஒட்டுகிறான் என்று சொல்லிவிடுவாள். அவள் கண்ணில் கோளாறு என்று எவனாவது சொன்னால் நான் அவனைச் சும்மா விடமாட்டேன்.

சண்டை ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்க் கறியும் மசித்த கிழங்கும் மேஜையில் ஆவி பறக்கும்போது. ஆர்லா வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு ஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன்" என்றாள். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறோமே, அந்தக் குட்டைத் தொலைநோக்கியைத்தான் சொன்னாள்.

லமார் கரண்டியைக் கீழே வைத்தான். "எதுக்கு? ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்திருக்கான். ரெண்டாலயும் பாக்குறதுக்குத்தான் பைனாகுலர். கழுத்துல தொங்கும், கை உடனே போகும், ஒரு மூச்சுல ஒரு மலையவே அலசிடலாம். ஸ்கோப்ப வச்சு ஒத்தக் கண்ண இடுக்கிக்கிட்டு உக்காந்தா மண்டையிடிதான் மிச்சம். முக்காலி வேற. மலையேறப் போறோமா, போட்டோ ஸ்டுடியோ வைக்கப் போறோமா?"

"அலசுறது சரி லமார். பாத்தது கிடாவா பெட்டையான்னு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் கொம்பு இருக்கு, ரெண்டுக்கும் தாடி இருக்கு. கொம்போட அடி தடிமனா இல்லையான்னு பாத்துத்தான் சொல்லணும். குட்டியோட நிக்கிற பெட்டையச் சுட்டுத் தொலைச்சா கேஸு வேற."

"நீதிபதி கிடாதான். பெட்டை அப்படியெல்லாம் உக்காராது."

"நீ உக்கார்ற மாதிரி உக்காருமோ" என்றேன் நான்.

"வாண்டா, நீ குறுக்க வராத. அவ வாங்குறதுன்னா வாங்கட்டும். ஆனா நான் தூக்க மாட்டேன். செத்தாலும் தூக்க மாட்டேன்."

பாத்திரம் கழுவும்போது ஆர்லா என் பக்கம் நகர்ந்து வந்தாள். "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிப்பேன். சொல்லு."

"நீதிபதிய நான் பாத்ததே இல்ல."

கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. "என்னடி சொல்ற? ஊரெல்லாம் பாத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற."

"நீதிபதி மட்டும் இல்ல. அவன் காட்டுன எல்க், கரடி, ஒண்ணையும் பாத்ததில்ல. 'அந்த மரத்துக்கு இடது பக்கம்'பான். அந்த மலை முழுக்க மரம்தான் வாண்டா. நான் பைனாகுலர இப்படி அப்படி ஆட்டுவேன், வானம் தெரியும், என் கண்ணிமை தெரியும். குளிரும், பசிக்கும். பாத்துட்டேன்னு சொன்னாத்தான் அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிப்பான். அதனால பாத்துட்டேன், பாத்துட்டேன்னு சொல்லிச் சொல்லியே இத்தன வருஷம் ஓடிருச்சு."

நான் சிரித்த சிரிப்பில் லமார் கூடத்திலிருந்து என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, எலி என்றேன்.

"சிரிக்காதடி" என்றாள் அவள், தானும் சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இப்ப துப்பாக்கி என் கையில இருக்கப்போகுது. ஒரே சீட்டு. பாக்காத ஆட்ட எப்படிச் சுடுறது? அதுவும் போகட்டும். அவன் அங்க உக்காந்து வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறானே, அவன் மூஞ்சி அப்பச் சின்னப் பையன் மாதிரி ஆயிரும். அப்படி என்னத்தப் பாக்குறான்னு ஒரு தடவையாவது நான் பாக்கணும்."

நான் தொட்டியில் கிடந்த தட்டை எடுத்துத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள், ஸ்கோப்பை என் கோவேறு கழுதை பிரெண்டா சுமப்பாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பரில் கிளம்பினோம். லமார் கழுத்தில் பைனாகுலர், ஆர்லா தோளில் துப்பாக்கி, பிரெண்டா முதுகில் ஸ்கோப், அதன்மேல் போர்வை, அதன்மேல் என் தலையணை. லமார் வழி முழுக்கப் பிரெண்டாவிடம் துக்கம் விசாரித்துக்கொண்டே வந்தான். "பாவம்டி நீ, யாரோ வாங்குன பாவத்த நீ சுமக்குற." பிரெண்டா அவன் தொப்பியைக் கடித்தாள்.

எதிர்மலை முகட்டில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். லமார் பைனாகுலரைக் கண்ணில் வைத்தான், உடனே அவன் மூஞ்சி மாறியது. ஆர்லா சொன்ன அந்தச் சின்னப் பையன் மூஞ்சி.

"இருக்காரு" என்று கிசுகிசுத்தான். "அதே இடம். ஆர்லா, அந்தப் பெரிய பாறை தெரியுதா?"

"எந்தப் பெரிய பாறை?"

"பெருசா இருக்கே, அது. அதுக்கு மேல ஒரு மரம். அந்த மரத்துலேருந்து அந்தப் பக்கம்."

அவனிடம் வாங்கிப் பார்த்த பைனாகுலரை ஆர்லா இறக்கினாள். "லமார், பஸ் ஓட்டுறவகிட்ட 'அந்தப் பக்கம்'னு சொன்னா, பிள்ளைங்க அடுத்த மாநிலம் மொண்டானாவுல போய் இறங்கும்."

அவள் எழுந்து முக்காலியை விரித்து, ஸ்கோப்பை மாட்டி, தன் கொழுத்த பின்புறத்தைப் பாறையில் நன்றாகப் பதித்துக்கொண்டாள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, எவனாவது தூங்கிப்போய்க் கிடக்கிறானா என்று பஸ்ஸில் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போவாள். மலையையும் அப்படித்தான் பார்த்தாள். மேல் வரிசை, இடமிருந்து வலம். கொஞ்சம் இறக்கம், மறுபடி இடமிருந்து வலம். லமார் பொறுக்க மாட்டாமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்கோப் நின்றது. ஆர்லா உருப்பெருக்கும் வளையத்தை மெல்லத் திருகினாள். இன்னும் திருகினாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன்.

"வாண்டா" என்றாள், மூச்சு வாங்க. "நீ பாரு."

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, பளபளவென்று, நான்கு குட்டைக் கால்களில் நின்றுகொண்டிருந்தது ஒரு குளியல் தொட்டி. அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்து போட்ட, வெள்ளைப் பூச்சுப் பூசிய இரும்புத் தொட்டி. ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதில் சொட்டிக்கொண்டிருந்தது. இடி இடித்தாலும் அசையாது. அவசரமே படாது.

"பாத்துட்டீங்களா?" என்றான் லமார், முகமெல்லாம் ஒளியாக.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் மலையில் உள்ள ஆடெல்லாம் ஓடிவிடும். ஆர்லாதான் ஸ்கோப்பை அசையாமல் பூட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "வா லமார். மரமும் வேண்டாம், பாறையும் வேண்டாம். கண்ண வச்சாப் போதும்."

லமார் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"எந்திரிச்சுப் போயிருக்காரு" என்றான் கடைசியில். "அவரு படுத்திருந்த எடத்துல ஒரு தொட்டி இருக்கு."

நான் கவிழ்ந்து படுத்துப் போர்வையைக் கடித்துக்கொண்டேன். ஆர்லா மட்டும் அவனைப் பார்த்தபடி இருந்தாள். பாவமாக இருந்திருக்கும் அவளுக்கு. "லமார், நானும் ஒண்ணு சொல்லணும். இத்தன வருஷமா நீதிபதியப் பாத்தேன், பாத்தேன்னு சொன்னேன்ல? நான் பாக்கவே இல்ல."

அவன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே சொன்னான்: "நானும்தான் பாக்கல."

அவ்வளவுதான். மூன்று பேரும் சிரித்தோம் பாருங்கள், வயிறு புண்ணாகிப்போனது. லமார் கண்ணைத் துடைப்பான், தொட்டி இருக்கும் திசையைப் பார்ப்பான், மறுபடி ஆரம்பிப்பான். பிரெண்டா எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

முதலில் சிரிப்பு அடங்கியது ஆர்லாவுக்குத்தான். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே உறைந்துவிட்டாள். "சத்தம் போடாதீங்க. ஆடு."

லமார் பைனாகுலரைப் பிடுங்கித் தூக்கினான். "எங்க?"

"தொட்டிக்கு வலது பக்கம்."

"எந்தத் தொட்டி?"

"மலையில ஒரே ஒரு தொட்டிதான் இருக்கு லமார்."

பைனாகுலர் இப்படி ஆடியது, அப்படி ஆடியது. "ஆங், ஆமா, பாத்துட்டேன்" என்றான்.

ஆர்லா திரும்பிப் பார்த்தாள். "பொய்."

"பொய்தான்" என்றான் அவன். "தள்ளிக்க."

ஸ்கோப்பில் மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். தொட்டியில் மூக்கை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது உண்மையான மலையாடு. தலையைத் தூக்கியபோது தாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கொம்பின் அடி தடித்திருந்தது, இரண்டு கொம்புக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத அளவுக்கு. கிடாதான். அந்தச் சரிவில் வேறு தண்ணீர் கிடையாது. இடத்தை லமார் சரியாகத்தான் பிடித்திருக்கிறான் என்று ஆர்லா சொன்னாள், அவன் காது இன்னும் சிவந்தது.

மறுநாள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினோம். ஏறும்போது ஸ்கோப் உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறை பாறையாக எட்டிப் பார்க்கப் பைனாகுலர்தான் வேண்டியிருந்தது. லமார் அதை வைத்து அலசிக்கொண்டே போய், அடுத்த முகட்டில் கிடா படுத்திருப்பதை அவனே பார்த்தான். இந்தத் தடவை நிஜமான கிடா. அவளிடம் சொன்னான்: "செத்த மரம் ஒண்ணு ஒத்தையா நிக்குது. அது அடியிலேருந்து வலது பக்கமா, மூணு பஸ் நீளம்."

"தெரியுது" என்றாள் ஆர்லா. அவள் குரல் நடுங்கியது. துப்பாக்கி நடுங்கவில்லை. ஒரே குண்டில் முடிந்தது. லமார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான், அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி பிரெண்டாவின் சேணத்தை இறுக்கினேன்.

இறங்கும் வழியில் லமார் ஆடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொப்பியோடு அந்தத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்தான். பனிக்கட்டித் தண்ணீர். அலறினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா என்றான். நான் எடுத்த போட்டோ அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் கஸ் கடைக்குப் போனோம். சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கஸ் ஹக்கிள்பெர்ரிப் பழ அப்பத்தை வெட்டிக்கொண்டே உரக்கக் கேட்டான்: "என்ன ஆர்லா, நீதிபதிய முடிச்சாச்சா?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. லமார் தட்டைப் பார்த்தான். உண்மை வெளியே வந்தால் அவன் சாகும்வரை இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இல்ல கஸ். இது வேற கிடா. நீதிபதி அங்கயேதான் இருக்கார்."

"பாத்தியா அவர?"

"பாத்தேன்" என்றாள் ஆர்லா.

"கிட்டத்துல?"

"தொட்டே பாத்தேன்."

லமாருக்குப் புரையேறியது. நான் முதுகில் தட்டினேன்.

"அவ்வளவு கிட்டப் போயிட்டு ஏன் விட்ட?"

"என் வீட்டுக்காரன் அவர எத்தன வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கான்" என்றாள். "நான் போய் ஒரே நாள்ல இல்லாம ஆக்கிடுறதா?"

கஸ் நெகிழ்ந்துபோய் அவளுக்குப் பெரிய துண்டாக வைத்தான். லமார் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் இடது கையால் தின்றான், பாதி மேலெல்லாம் சிந்தியது.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, என்னையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல் சொன்னான்: "எல்க்குக்குப் போறப்ப பிரெண்டா வேண்டாம். ஸ்கோப்ப நான் தூக்கிட்டு வர்றேன்."