ஏழாவது பாட்டில்

பால் பாக்கெட்டின் மேல் தேதி, மணி, ‘ரா.க.’ என்று மூன்றையும் எழுதிய பிறகுதான் டாக்டர் கருத்தம்மாள் அதை ஃபிரிட்ஜுக்குள் அனுமதிக்கிறார். நேற்றைய சாம்பாருக்கும் அதே மரியாதை உண்டு. இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: வைத்த இடம், அந்த இடத்தின் வெப்பம். அங்கே பத்து வருடமாகச் சமைக்கும் ரோஜா என்னிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டாள். “இந்த வீட்ல சீட்டு ஒட்டாமத் திரியிறது நான் ஒருத்திதேன். அசந்து ஒக்காந்தா எனக்கும் ஒட்டிருவாக.”

கருத்தம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. சிலமலை ராக்கையாவின் மகள். மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருடம் பாக்டீரியாக்களின் நொதிகளை ஆராய்ந்து ஓய்வுபெற்று, போடியில் எங்கள் தெருவுக்கு, சரியாக என் எதிர்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் வாசலில் ‘டாக்டர்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல்காரர்கள் வரிசை கட்டினார்கள். “நான் கிருமிய வளக்குற டாக்டருப்பா. ஒங்களுக்குக் கொல்லுற டாக்டரு வேணும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போங்க” என்று அனுப்பிவைப்பார். இப்போது காய்ச்சல்காரர்கள் வருவதில்லை. மாவு பொங்காத வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள். அவர் மோந்து பார்த்து, யார் கையால் கரைத்தது, எத்தனை மணிக்கு என்று போலீஸ் போல விசாரிக்கிறார்.

எனக்கு அச்சகத் தொழில். என் மகள் கல்யாணப் பத்திரிகையை அவருக்குக் கொடுத்த மறுநாள் காலை அது திரும்பி வந்தது. முகூர்த்தத் தேதி புதன்கிழமையில் வருகிறது. நான் வியாழன் என்று அச்சடித்திருந்தேன், அதுவும் எண்ணூறு. ‘வியாழன்’ மேல் நேராக ஒரு கோடு, அதன் மேலே ‘புதன்’, பக்கத்தில் ‘ரா.க.’, தேதி. வெள்ளை மை பூசி மறைத்துவிடலாமா என்று கேட்டுவிட்டேன். அது தப்பு.

“மறைக்கக் கூடாது தம்பி. அழிக்கவும் கூடாது, கிறுக்கவும் கூடாது. ஒத்தக் கோடு. அடியில இருக்குற தப்ப அடுத்தவன் வாசிக்க முடியணும். திருத்துனவன் கையெழுத்துப் போடணும். அம்புட்டுத்தேன் விஞ்ஞானம்.”

இந்த விஷயத்தில் அவருக்கு இரக்கமே கிடையாது. விஜயபாண்டி என்ற மாணவர் ஒரு பாட்டிலில் ஊர்ப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார் என்பதற்காக ஒரு வருட வேலையைத் திரும்பச் செய்யவைத்திருக்கிறார். விஜயபாண்டி இன்று ஜெர்மனியில் பெரிய ஆராய்ச்சியாளர். இவரிடம் போனில் பேசும்போது இன்னமும் எழுந்து நின்றுதான் பேசுகிறாராம்.

கருத்தம்மாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பிடி மண். 1989 ஜூனில் குரங்கணிக்கு மேலே சோலைக்காட்டில் எடுத்தது. ஏழு பாட்டிலில் வந்த மண்ணில் ஏழாவது பாட்டிலில் மட்டும் ஒரு பாக்டீரியா இருந்தது. நொதி என்றால் பாக்டீரியா தன் சாப்பாட்டை நறுக்க வைத்திருக்கும் கத்தரிக்கோல் என்று எனக்கு விளக்கியிருக்கிறார். இந்தப் பாக்டீரியாவின் கத்தரிக்கோல் எண்ணெயை நறுக்கியது. அதுவும் சுடுதண்ணீரில் போட்டாலும் மழுங்காமல் நறுக்கியது. ‘குரங்கணி ஏழு’ என்று அதற்குப் பெயர் வைத்தார். வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது, செய்தித்தாளில் படம் வந்தது.

ஒன்று மட்டும் அவரை விடாமல் அரித்தது. குளுகுளுவென்று இருக்கும் காட்டு மண்ணில் ஒரு பாக்டீரியாவுக்கு எண்ணெய் எங்கிருந்து கிடைத்தது? சூடு எப்படிப் பழகியது? காட்டு ஏலக்காயின் எண்ணெயாக இருக்கலாம் என்று மூன்று கட்டுரை எழுதினார். அந்தப் பாக்டீரியாவை மறுபடி பிடிக்கப் பதினோரு தடவை மலையேறினார். ஒரு தடவைகூட அகப்படவில்லை.

சென்ற மாதம் பெங்களூரில் ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து சுஜாதா என்ற பெண் வந்தார். கருத்தம்மாளின் குறிப்பேடுகளை அங்கே கொண்டுபோய்ப் பாதுகாக்கப் போகிறார்கள். அறுபத்திரண்டு நோட்டு, எல்லாம் தமிழில் எழுதியவை, மாடியில் ஏலக்காய்ச் சாக்குகளில் கட்டிக் கிடந்தன. பூச்சி வராது என்பது அவர் கட்சி. வந்திருந்தது, வாசனையோடு தின்றிருந்தது. பட்டியல் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். சாக்குகளை மதுரை ரயிலடிக்குக் கொண்டுபோக ஜீப்போடு வந்தவர் குரங்கணிக் கோட்டைச்சாமி. எழுபத்தைந்து வயதாகியும் ஸ்டியரிங்கை மகனிடம் கொடுக்க மனமில்லாதவர். முதல் தடவையையும் சேர்த்து அந்தப் பன்னிரண்டு பயணத்துக்கும் இவர்தான் ஓட்டுநர்.

நான் நோட்டு நோட்டாகப் புரட்டிச் சொல்ல, சுஜாதா மடிக்கணினியில் பதிந்துகொண்டிருந்தார். 1990ஆம் வருட நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘ஓட்டுநர் டீக்கடையில் நிறுத்தினார். இங்கும் கொஞ்சம் மண் எடுக்கலாம் என்றார். மறுத்தேன். இருபது நிமிடம் வீண்.’ 1991லும் அதே வரி. 1994லும் அதே. பதினோரு பயணத்திலும் பதினோரு தடவை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னண்ணே, அந்தக் கடை வடை அம்புட்டு ருசியா?” என்று கோட்டைச்சாமியைக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. காபி டம்ளரைத் தரையில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

“தாயி, இந்த நோட்டெல்லாம் ஊரவிட்டுப் போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்புடுறேன். அந்த ஏழாவது பாட்டிலு காட்டு மண்ணு இல்ல.”

அவர் சொன்னது இதுதான்: 1989இல் நல்ல மழை. கருத்தம்மாள் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழு பாட்டிலையும் கரண்டியையும் கோட்டைச்சாமியிடம் கொடுத்து, காட்டுக்குள் போய் ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்துவரச் சொன்னார். அவரும் ஏறினார், எடுத்தார், கையெல்லாம் அட்டைக்கடியோடு இறங்கினார். வழியில் ஏழாவது பாட்டில் மூடி கழன்று மண் கொட்டிவிட்டது. மறுபடி ஏறத் தெம்பில்லை. டீக்கடைக்குப் பின்னால் போய் ரொப்பிவிட்டார்.

“ஆனா ஒரு சாண் தோண்டித்தேன் எடுத்தேன் தாயி. அதுல கொற வைக்கல.”

கருத்தம்மாள் கேட்ட முதல் கேள்வி: “அங்கன என்னத்த ஊத்துவாக?”

“வடை சுட்ட எண்ணெய. கடை எடுத்து வைக்கிறப்பச் சட்டியோட கவுப்பாக. ஆறவெல்லாம் விடமாட்டாக.”

“கொதிக்கக் கொதிக்க!” என்று கருத்தம்மாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். முப்பத்தைந்து வருடப் புதிருக்கு விடை கிடைத்த சிரிப்பு அது. பிறகுதான் மற்றது உறைத்தது போலும். முகம் சுருங்கிவிட்டது.

“பதினோரு தடவ அந்த மலையில ஏறி எறங்கிருக்கேண்ணே. கூடவே வந்தீங்களே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“மொதல்ல ஏசுவீகளோன்னு பயம். சொல்லிருவம்னு நெனைக்கிறப்பப் பேப்பர்ல ஒங்க போட்டோ வந்துருச்சு. பெறகு எப்புடிச் சொல்ல? அதேன் ஒவ்வொருக்கயும் கடையில நிப்பாட்டுனேன். நீங்கதேன் எறங்கவே மாட்டேன்னுட்டீக.”

எனக்கு இரண்டு பேரைப் பார்த்தும் பாவமாக இருந்தது. சுஜாதா மெல்லச் சொன்னார். “மேடம், நோட்டுல என்ன இருக்கோ அதுதான் ஆவணம். இத வெளியே சொல்லியே ஆகணும்னு இல்லையே.” நானும் புத்திசாலித்தனமாக, “யாருக்குத் தெரியப் போகுது?” என்று சேர்த்துக்கொண்டேன். என் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த அதே பார்வையால் கருத்தம்மாள் என்னைப் பார்த்தார்.

“எம்பத்தொம்பது நோட்ட எடுங்க தம்பி. வாசிங்க.”

வாசித்தேன். ‘பாட்டில் 7. இடம்: குரங்கணி மேல் சோலைக்காடு. ஆழம்: ஒரு சாண். எடுத்தவர்: ரா.க.’

கடைசி இரண்டு எழுத்தை வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு அவர் காட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. கோட்டைச்சாமி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தம்மாள் என் கையிலிருந்து நோட்டை வாங்கி, ஒரு காலி பாட்டில், கரண்டி, கையுறையோடு தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ரோஜா, செருப்பக் கொண்டா. அண்ணே, வண்டிய எடுங்க. வெரசா.”

முந்தலில் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து குரங்கணி போய்ச் சேர்ந்தோம். டீக்கடை அங்கேயேதான் இருக்கிறது. பழைய முதலாளியின் மகன் சின்ராசு வடை சுட்டுக்கொண்டிருந்தார். கையுறை மாட்டிய ஒரு வயதான அம்மாள், மடிக்கணினியோடு ஒரு பெண், காலி பாட்டில். பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

“எண்ணெய் இன்னைக்குத்தேன் மாத்துனேன் மேடம்!”

“பழசப் பின்னாடி ஊத்துவீங்களா?”

“சாமி சத்தியமா ஊத்த மாட்டேன் மேடம்!”

“ஐயோ, ஊத்த மாட்டீங்களா?” கருத்தம்மாளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“டேய், ஊத்துவேன்னு சொல்லுடா” என்று கோட்டைச்சாமி அதட்டினார்.

சின்ராசு எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். “தெனைக்கும் ஊத்துறேன். எங்கய்யா காலத்துலருந்து ஊத்துறோம்” என்றார் ஈனக் குரலில். கருத்தம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடையின் பின்புறம் மண் கன்னங்கரேலென்று எண்ணெய் பளபளப்போடு கிடந்தது. கருத்தம்மாள் கரண்டியோடு குனியப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றார்; சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வேறு வழியில்லாமல் கரண்டி மறுபடி கோட்டைச்சாமியின் கைக்கே போனது. இந்தத் தடவை மட்டும் கருத்தம்மாள் பக்கத்திலேயே நின்று, தோண்டியதும் சாண் வைத்து அளந்து காட்டச் சொன்னார். அளந்து காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

கருத்தம்மாள் பாட்டிலில் சீட்டு ஒட்டி எழுத ஆரம்பித்தார். இடம்: குரங்கணி, டீக்கடைப் பின்புறம். ஆழம்: ஒரு சாண். தேதி, மணி. ‘எடுத்தவர்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“அண்ணே, ஒங்க இனிஷியல் என்ன?”

“மூனா தாயி. எங்கய்யா முத்துக்கருப்பன்.”

மு. கோட்டைச்சாமி என்று எழுதினார். பிறகு பையிலிருந்து 1989 நோட்டை எடுத்து ஜீப்பின் பானெட்டில் விரித்தார். ‘குரங்கணி மேல் சோலைக்காடு’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதினார். அது சட்டென்று முடிந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த தன் இரண்டு எழுத்துக்கு வந்தபோதுதான் கை நின்று நின்று நகர்ந்தது. குறுக்கே ஒத்தக் கோடு, மேலே ‘மு. கோட்டைச்சாமி, ஜீப் ஓட்டுநர்’. பக்கத்தில் திருத்தியவராக மறுபடி அதே ‘ரா.க.’, இன்றைய தேதி.

கோட்டைச்சாமி மண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். கருத்தம்மாள் நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை, மலைக்காற்றில் தாள் புரளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.