ஆஸ்டின் போகும் வழியில் மாம்பழ வாசனை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, டெக்சஸின் இர்விங்கில் என் தம்பி செந்திலின் காரில் ஏறியதுமே மாம்பழம் மணத்தது. தம்பியைப் பார்க்க வந்திருந்த நான் சேலத்துக்காரி, மாம்பழ விஷயத்தில் என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது. பின்சீட்டில் தேடினேன், டிக்கியைத் திறக்கச் சொன்னேன். ஒரு பழத்தையும் காணோம். வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் அவன் மனைவி நித்யாவுக்கு வாங்கி எங்கோ ஒளித்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆஸ்டினுக்கு இருநூறு மைல். சாலையின் இருபுறமும் காய்ந்த புல்வெளி, கப்பல் போல லாரிகள். கிளம்பிய அரைமணியில் ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், நிறுத்தி பாத்ரூம் போனான். பத்து நிமிஷம் ஆயிற்று. கொஞ்ச தூரத்தில் மறுபடியும். வயிறு சரியில்லை போல என்று கைப்பையிலிருந்து ஓமம் எடுத்துக் கொடுத்தேன். பாவம், வாங்கி மென்றான்.

பாதி வழியில், வேக்கோ என்ற ஊரில் மூன்றாவது முறை நிறுத்தியபோது நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த சிகரெட் பெட்டிகளையே பார்த்தபடி, கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னடா வேணும்?" என்றேன்.

"எதுவும் வேணாம்னுதான்க்கா நின்னுட்டிருக்கேன்."

காரில் வந்து மெல்லச் சொன்னான். நித்யா உண்டானது தெரிந்ததும் சிகரெட்டை விட்டுவிட்டானாம். சிகரெட் நாற்றமுள்ள கையால் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று. அதற்குப் பதில் பேனா போல ஒரு வேப், பேட்டரியில் ஓடும் சிகரெட், மாம்பழ வாசனையில். அக்கா முன்னால் பிடிக்க முடியாமல் பாத்ரூமில் ஒளிந்து பிடித்திருக்கிறான், அதுவும் தீர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊருக்குள் ஒரு வேப் கடைக்கு என்னையும் கூட்டிப் போகச் சொன்னேன். தாடிக்காரக் கடைக்காரர் இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார். தீர்ந்ததும் தூக்கி எறிவது இருபது டாலர். திரவம் ஊற்றி ஊற்றிப் பிடிப்பது நாற்பத்தைந்து. மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, மிக்ஸி வாங்கும் தோரணையில் விசாரித்தேன். ஒழுகுமா, உதிரி பாகம் கிடைக்குமா, எத்தனை நாள் உழைக்கும்? செந்தில் தலையைக் குனிந்துகொண்டே மொழிபெயர்த்தான். உள்ளே இருக்கும் சுருளை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும், நிகோடினைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இல்லாமலே ஊற்றலாம் என்றார் அவர். அப்படிக் குறைத்து விட்டவர்கள் நிறைய பேரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, கொஞ்ச பேர்தான் என்றார். அந்த நேர்மைக்காகவே விலை உயர்ந்ததை வாங்கச் சொன்னேன்.

காரில் ஏறியதும், "என் முன்னாடியே பிடிடா, நான் ஒண்ணும் சொல்லல," என்றேன். பெட்டியைப் பிரித்தான், கையில் வைத்து உருட்டினான், டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினான்.

"நீ பக்கத்துல இருந்தா பிடிக்க மனசு வரமாட்டேங்குதுக்கா."

ஆஸ்டின் வரை நூறு மைல், எங்கேயும் நிறுத்தவில்லை. இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய சட்டசபைக் கட்டிடத்தைப் பார்த்தோம், ஆற்றுப் பாலத்தில் நடந்தோம், ஒரு மெஸ்ஸில் சுமாரான தோசை பதினான்கு டாலருக்குச் சாப்பிட்டோம். திரும்பி வரும்போதும் அந்த டாஷ்போர்டு திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னான்.

"ஆபீஸுக்கு டிரைவ் பண்றப்பதான்க்கா ரொம்ப கஷ்டம். அப்ப கால் பண்றியா?"

அவனுக்குக் காலை எட்டு மணி என்றால் சேலத்தில் மாலை ஆறரை. இங்கே எங்கள் தெருவில் மூலைக்கு ஒரு பெட்டிக்கடை, அங்கே சாலைக்குச் சாலை கேஸ் ஸ்டேஷன். சிகரெட் கண்ணில் படாமல் எங்கேயும் வண்டி ஓட்ட முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, தக்காளி விலை, மாடி வீட்டுச் சண்டை, எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். அவன் ஊம் கொட்டுவான். பிளானோவில் ஆபீஸ் வந்ததும் "ரீச் ஆயிட்டேன்க்கா" என்று வைத்துவிடுவான். அந்த நாற்பத்தைந்து டாலர் வீணா இல்லையா என்று நான் கேட்டதில்லை.

நேற்று பேச எனக்கு ஒரு விஷயமும் அகப்படவில்லை. சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். சத்தமாக இருக்கிறதே, வைத்துவிடவா என்றேன்.

"வேணாம்க்கா, ஓடட்டும். ஆபீஸுக்கு இன்னும் ரெண்டு எக்ஸிட் இருக்கு."